கலோக்கியம்: கேட்பவருக்கும் பேசுபவருக்கும்

கே: எங்கள் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் ஒரே வாரத்தில் கலோக்கியம், செமினார் என்று இரண்டு அறிவிப்புகள் ஒட்டுகிறார்கள். எம்.எஸ்சி. முதலாண்டு படிக்கும் நான் எதற்குப் போகலாம்?
- வாசகி, திருச்சி

ப: இரண்டுக்கும் போகலாம்; முதலில் கலோக்கியத்துக்குப் போங்கள். அது துறை முழுவதற்குமான பேச்சு. லேசர் ஆய்வு செய்பவரும் வானியற்பியல் ஆளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். செமினார் ஒரு குழுவுக்கு மட்டுமானது என்பதால் முதல் நிமிடத்திலேயே பலகையில் லக்ராஞ்சியன் (இயக்கச் சமன்பாடுகளைத் தரும் கணிதக் கோவை) வந்துவிடும். கலோக்கியம் என்று அழைக்கப்பட்டு செமினார் பேசிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். அப்போது புரியாமல் போனால் அது உங்கள் குறை அல்ல.

அறிவிப்பிலுள்ள சுருக்கத்தைப் படித்து, தெரியாத இரண்டு சொற்களை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் பிடி நழுவினால், திரையில் வரும் வரைபடத்தின் இரண்டு அச்சுகளிலும் எந்த அளவு, எந்த அலகு என்று குறித்துக்கொண்டே வாருங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் மறுபடி பிடிபட வாய்ப்புண்டு.

கே: பிஎச்.டி. மூன்றாம் ஆண்டு. துறையில் முதல் முறையாக 45 நிமிடம் பேசப்போகிறேன். எத்தனை ஸ்லைடு வைக்கலாம்? எங்கே சொதப்பும்?
- வாசகர், கோவை

ப: முப்பதைத் தாண்ட வேண்டாம். முதல் 15 நிமிடம் உங்கள் துறை அல்லாதவர்களுக்கு: கேள்வி என்ன, ஏன் இன்னும் விடை கிடைக்கவில்லை, எதை அளந்தால் விடை வரும். இதைச் சுருக்கி 'என் ரிசல்ட்டுக்கு' ஓடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

அடுத்த சொதப்பல் வரைபடம். ஆய்விதழ்ப் பக்கத்தில் ஒரு நெடும்பத்தியின் அகலம் சுமார் 8.6 செ.மீ.; அச்சிட்ட தாளில் கைக்கெட்டும் தூரத்தில் படிப்பதற்காக வரைந்த படம் அது. நாலைந்து சிறு படங்களை ஒன்றாக அடுக்கிய பக்கத்தை அப்படியே வெட்டி ஒட்டினால், வரைபட அச்சுகளிலுள்ள எண்கள் பின்வரிசைக்கு வெறும் புள்ளிகள்தான். ஒரு ஸ்லைடுக்கு ஒரு படம் என்று எழுத்தைப் பெரிதாக்கி மறுபடி வரையுங்கள். சோதிப்பது எளிது: அரங்கின் திரை 3 மீட்டர் அகலம், கடைசி வரிசை 12 மீட்டர் தள்ளி என்றால் விகிதம் நான்கு. 30 செ.மீ. அகலத் திரையுள்ள லேப்டாப்பில் படத்தை முழுத்திரையில் வைத்து 1.2 மீட்டர் தள்ளி நின்று படியுங்கள். படிக்க முடியாதது எதுவும் அரங்கிலும் படிக்க முடியாது.

பீமரில் (லாடெக்கில் ஸ்லைடு செய்யும் தொகுப்பு) செய்பவர்கள் 11 பாயின்ட் எழுத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அங்கே இயல்பான பக்கமே 12.8 செ.மீ. அகலம்தான். பவர்பாயின்டில் 24க்குக் கீழே இறங்காதீர்கள். சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் மட்டுமே வித்தியாசம் காட்டும் படம் நிறக்குறைபாடு உள்ளவருக்குப் பயன்படாது, ஒன்றைப் புள்ளிக்கோடாக்குங்கள். வானவில் நிறவரிசையும் வேண்டாம், தரவில் இல்லாத விளிம்புகளை அது இருப்பதுபோல் காட்டும்.

30ஆவது நிமிடத்தில் எந்த ஸ்லைடில் இருக்க வேண்டும் என்று தாளில் எழுதி வையுங்கள். பின்தங்கினால் எந்த நாலைத் தாண்டுவது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். வேகமாகப் பேசி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். கடைசி ஸ்லைடு 'நன்றி' ஆக வேண்டாம். கேள்வி நேரம் முழுக்க திரையில் நிற்பது அதுதான், அங்கே முடிவுகளும் முக்கியமான படமும் இருக்கட்டும்.

அரை மணி முன்பே போய் இணைத்துப் பாருங்கள். புது லேப்டாப்பில் யூ.எஸ்.பி.-சி மட்டும், அரங்கிலோ ஹெச்.டி.எம்.ஐ. அல்லது பழைய வி.ஜி.ஏ. கேபிள்: அடாப்டர் உங்கள் பையில் இருக்க வேண்டும். பென்டிரைவில் ஒரு பி.டி.எஃப். நகல் அவசியம், ஆனால் அசைபடங்கள் அதில் பெரும்பாலும் ஓடாது என்பதால் வீடியோவைத் தனிக் கோப்பாகவும் வையுங்கள். உங்கள் குறிப்புகள் திரையில் தெரிந்துவிட்டால் விண்டோஸ் விசையும் பி-யும் அழுத்தி 'டூப்ளிகேட்' தேர்ந்தெடுங்கள்.

கே: ஆன்லைனிலும் ஒளிபரப்பும்போது அரங்கில் 'கீ...' என்று ஊளைச் சத்தம். மைக் மாற்றியும் போகவில்லை.
- துறை ஒருங்கிணைப்பாளர், மதுரை

ப: ஒரே அறையில் இரண்டு கணினிகள் ஒரே கூட்டத்தில் சேர்ந்து, இரண்டிலும் ஒலி திறந்திருக்கும். ஒன்றின் ஸ்பீக்கரில் வருவதை இன்னொன்றின் மைக் பிடித்து மறுபடி அனுப்பும். செயலியிலுள்ள எதிரொலி நீக்கி தன் கணினியின் ஒலியை மட்டுமே கழிக்கும், பக்கத்துக் கணினியுடையதை அல்ல. மிக்சரோடு (அரங்கின் மைக் ஒலிகளைச் சேர்க்கும் கருவி) இணைத்த அரங்கக் கணினி மட்டும் ஒலிக்கு; பேச்சாளர் லேப்டாப் 'ஆடியோ' இல்லாமலே சேர்ந்து திரையைப் பகிரட்டும்.

லேசர் சுட்டி ஆன்லைனில் இருப்பவர்களுக்குத் தெரியாது. மவுஸ் முனையால் காட்டச் சொல்லுங்கள். சபையிலிருந்து வரும் கேள்வியை மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொல்லவும் சொல்லுங்கள்.

கே: மாணவர் செமினாரால் ஒரு நிறுவனமே உருவானது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
- வாசகர், சென்னை

ப: பெரும்பாலும் உண்மை. மயிலாப்பூர் ஏகாம்ர நிவாசில், தம் வீட்டில், அல்லாடி ராமகிருஷ்ணன் மாணவர்களோடு கோட்பாட்டு இயற்பியல் செமினார் நடத்திவந்தார். 1960இல் சென்னை வந்த இயற்பியலாளர் நீல்ஸ் போர் அதைக் கண்டு வெளிப்படையாகப் பாராட்டினார். 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் தொடங்கியது. தொடக்கி வைத்தவர் வானியற்பியலாளர் எஸ்.சந்திரசேகர்.

கே: பேராசிரியர்கள் முன்னால் மாணவர் கேள்வி கேட்டால் அதிகப்பிரசங்கித்தனமா?
- வாசகர், திருநெல்வேலி

ப: இல்லை. 'அந்தப் படத்தில் பிழைக்கோடு (அளவீட்டின் நிச்சயமின்மையைக் காட்டும் கோடு) எப்படி வந்தது?' என்று ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். முன்னுரை வேண்டாம்.