ஆடம்பர வரியை லிபர்டேரியன்கள் எதிர்ப்பது ஏன்?

கேள்வி: வரி வசூல் என்பதே பலவந்தம் என்று லிபர்டேரியன்கள் எனப்படும், அரசின் தலையீடு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்னும் சுதந்திரவாதிகள் வாதிடுகிறார்கள். ஆனால் ஆடம்பர வரியை, அந்தப் பொருளை வாங்காமல் இருந்தாலே தவிர்த்துவிடலாம் அல்லவா? கல்லூரி விவாதத்தில் அவர்கள் தரப்பில் பேச வேண்டியிருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: எதிரணி கேட்கப்போகும் மிகக் கூர்மையான கேள்வியை நீங்களே கேட்டுவிட்டீர்கள். ‘வரி என்பது திருட்டு’ என்ற முழக்கத்தோடு மட்டும் மேடையேறாதீர்கள். அது, அரசே வேண்டாம் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் மர்ரே ரோத்பார்டின் நிலைப்பாடு. அவருக்கு எல்லா வரியும் ஒன்றே என்பதால், ஆடம்பர வரியைப் பற்றித் தனியாகச் சொல்ல அதில் அதிகம் கிடைக்காது.

வரியையே மறுக்காமல், அரசின் கைக்கு வரம்பு கட்ட விரும்பிய பொருளியலாளர் ஃப்ரீட்ரிக் ஹயெக்கிடமிருந்து தொடங்குவது நல்லது. பெரும்பான்மையினர் தாம் சுமக்காத ஒரு சுமையைச் சிறுபான்மையினர் மீது ஏற்றலாகாது என்பது, வருமானம் உயர உயர வரி விகிதமும் உயர்வதற்கு எதிராக 1960-இல் அவர் முன்வைத்த வாதம். ஆடம்பர வரிக்கு இது இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து. ஏனெனில் அந்த வரியை ஆதரித்து வாக்களிப்போரில் பெரும்பாலோர் அப்பொருளை ஒருநாளும் வாங்கப்போவதில்லை.

இனி, ‘தவிர்க்கலாமே’ என்ற கேள்வி. உழைப்பின் வருமானத்துக்கு வரி விதிப்பது கட்டாய உழைப்புக்கு நிகரானது என்று 1974-இல் எழுதிய அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக், சூரியன் மறைவதைப் பார்த்து மகிழ்பவரை விட்டுவிட்டு, திரைப்படச் சீட்டுக்காகக் கூடுதலாக உழைப்பவரிடம் மட்டும் ஏன் வரி கேட்க வேண்டும் என்று வினவினார். வாங்கினால்தான் கிடைக்கும் மகிழ்ச்சியை நாடுபவருக்கு மட்டும் தண்டம் விதிப்பது என்ன நியாயம் என்று நீங்கள் அதை நீட்டிக் கேட்கலாம்.

மேலும், வாங்குபவர் தவிர்த்துவிட்டாலும், அதைச் செய்து பிழைப்பவரால் தவிர்க்க முடியாது. அமெரிக்காவில் 1990-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, 1991 முதல் 1,00,000 டாலருக்கு மேற்பட்ட புதிய படகுகளுக்கும் 30,000 டாலருக்கு மேற்பட்ட புதிய கார்களுக்கும், வரம்பைத் தாண்டிய தொகையில் 10 சதவீதம் வரி விதிக்கப்பட்டது. நகைகளும் விமானங்களும்கூடத் தப்பவில்லை. 1,60,000 டாலர் படகென்றால் வரி 6,000 டாலர். வசதி படைத்தவர் பழைய படகை வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். படகுத் தளத்துத் தச்சருக்கு அந்த வாய்ப்பு இல்லை. படகுத் தொழிலில் விற்பனை சரிந்து வேலையிழப்பும் நேர்ந்தபின், 1993-இல் கார் நீங்கலாக மற்றவற்றின் மீதான வரி ரத்தானது. ஆனால் அதே காலத்தில் பொருளாதார மந்தமும் இருந்தது. பாதிப்பு முழுவதையும் வரியின் தலையில் கட்டினால் எதிரணி உடனே பிடித்துக்கொள்ளும்.

உங்கள் தரப்பின் பலவீனத்தையும் அறிந்திருங்கள். சொத்துரிமையே சட்டத்தாலும் நீதிமன்றத்தாலும் நிலைபெறுவதால், வரிக்கு முந்தைய வருமானம் முழுவதும் என்னுடையது என்று சொல்லவே இயலாது என தத்துவவாதிகளான லியம் மர்ஃபியும் தாமஸ் நேகலும் 2002-இல் வாதிட்டனர். இதற்கு, உழைப்பின் மீதான உரிமை அரசுக்கு முந்தியது என்ற 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கின் மரபிலிருந்துதான் பதில் தேட வேண்டும், அது எளிதன்று.

அப்படியானால் நீதிமன்றத்தை நடத்தப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டால், அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மனை முன்வையுங்கள். கட்டடம் முதலிய மேம்பாடுகளைச் சேர்க்காமல், நிலத்தின் மதிப்பு மீது மட்டும் விதிக்கும் வரியே இருப்பவற்றுள் கெடுதல் குறைந்தது என்றார் அவர்; வரி போட்டாலும் நிலத்தின் அளவு குறையாது.