மன்னிக்கலாம், பங்கை விட வேண்டியதில்லை

கேள்வி: பெற்றோர் உயில் எழுதாமல் இறந்தார்கள். அண்ணன் என் கையெழுத்தைப் போலியாகப் போட்டு, நான் என் பங்கை விட்டுக்கொடுத்ததாக விடுதலைப் பத்திரம் பதிந்து, வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். வழக்கு நடக்கிறது. "எல்லாம் தேவசித்தம். யோசேப்பு மன்னிக்கவில்லையா? சகோதரன்மேல் வழக்காடக் கூடாது, வாபஸ் வாங்கு" என்கிறார் போதகர். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் விசுவாசம் குறைந்துவிட்டதா?
- ஒரு சகோதரி, நெல்லை

பதில்: இல்லை, சகோதரி. யோசேப்பின் கதையை உங்களுக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணன்மார் யோசேப்பைக் குழியில் தள்ளி, 20 வெள்ளிக்காசுக்கு விற்றபோது அவருக்கு 17 வயது. "தேவனே என்னை அனுப்பினார்" என்று அவர் அண்ணன்மாரிடம் சொன்னபோது வயது 39. அதைச் சொன்னவர் குழியில் கிடந்தவர். தள்ளியவர்கள் அல்ல, பக்கத்தில் நின்றவர்களும் அல்ல. உங்கள் துன்பத்திலும் தேவனுக்கு நோக்கம் உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் அதை அறிந்து சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்கள் வாயை அடைக்க வேறொருவர் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறகு எகிப்தில் பொய்க் குற்றச்சாட்டில் சிறையில் கிடந்தபோதும் யோசேப்பு சும்மா இருக்கவில்லையே! 'நான் குற்றமற்றவன், பார்வோனிடம் சொல்லி என்னை வெளியே எடு' என்று பானபாத்திரக்காரனிடம் கேட்டார் (ஆதியாகமம் 40:14, 15).

அவர் மன்னித்த விதத்தையும் பாருங்கள். அவர் எகிப்தின் அதிபதியான பிறகு, அண்ணன்மார் பஞ்சத்தில் தானியம் வாங்க வந்தபோதே மனம் இளகி, ஒதுங்கிப் போய் அழுதார். ஆனாலும் தன்னை வெளிப்படுத்தவில்லை. அவர்களில் சிமியோனைப் பிடித்து வைத்தார். கடைசித் தம்பி பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தைப் போடச் செய்தார். அன்று 'விற்றுவிடலாம்' என்று யோசனை சொன்ன அதே அண்ணன் யூதா, இன்று தம்பிக்குப் பதிலாக அடிமையாக இருக்க முன்வந்த பிறகுதான் "நான் யோசேப்பு" என்றார். மன்னிக்க அவர் எதையும் கேட்கவில்லை. மறுபடி நம்புவதற்குத்தான் அடையாளம் தேடினார்.

நீங்களும் பழிவாங்கும் எண்ணத்தை இன்றே ஜெபத்தில் இறக்கி வையுங்கள். சபையில் அண்ணனைத் தூற்றாதீர்கள், அவர் பிள்ளைகளோடு பேச்சை நிறுத்தாதீர்கள். ஆனால் பங்கு உங்களுடையது: கிறிஸ்தவர்களுக்கான 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. மறுபடி வழக்குப் போட நீதிமன்ற அனுமதி வாங்காமல் வழக்கை வாபஸ் பெற்றால், அதே விஷயத்துக்காகத் திரும்ப வழக்குப் போட முடியாது. போதகர் சொன்னதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

'வழக்காடக் கூடாது' என்பதற்கு அவர் காட்டும் 1 கொரிந்தியர் 6-ஐ முழுக்கப் படியுங்கள். சபைக்குள் விவேகி ஒருவர் வழக்கைத் தீர்க்கட்டும் என்கிற பவுல், சகோதரனை வஞ்சிப்பவர்களையும் அங்கேயே கண்டிக்கிறார். ஆகவே போதகரிடம் நேராகக் கேளுங்கள்: "அண்ணனையும் உட்காரவைத்து, பத்திரத்தை மேஜையில் வைத்து விசாரிப்பீர்களா?" அவர் விசாரித்துச் சமாதானம் ஏற்பட்டால், வாய்ப்பேச்சோடு விடாமல் வக்கீல் மூலம் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) எழுதி வாங்குங்கள். அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

அதற்குப் பிறகும் அண்ணன் உங்கள் முகத்தைப் பார்க்கக் கூசலாம். எகிப்தில் 17 ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்து, யாக்கோபு இறந்த பிறகும், யோசேப்பு பழிவாங்குவாரோ என்று அண்ணன்மார் நடுங்கினார்கள். அவர்தான் ஆறுதல் சொல்லித் தேற்றினார். உங்கள் வீட்டிலும் முதல் பேச்சு உங்களிடமிருந்து வரட்டும்.