சீருடையும் சிவிலியனும் ஒரே தளத்தில்: கேள்வி பதில்

இராமநாதபுரம் கடலோரத்தில் பாதுகாப்புத் துறைக் கட்டுமானங்களில் 20 வருடம் சிவிலியன் மேற்பார்வையாளராக இருந்தேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

உச்சிப்புளியிலிருந்து: அண்ணே, கடற்படை அதிகாரிக்கும் எங்கள் இன்ஜினியருக்கும் தினமும் சண்டை. ஒருவரை மாற்றினால் சரியாகுமா?

ஆகாது தம்பி. தம்ஹைன், வைல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1975இல் திட்டக் குழுச் சண்டைகளுக்கு ஏழு காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள். முதலில் நின்றது கால அட்டவணை; ஆள் குணம் கடைசியில்தான். அதிகாரியின் கையில் மேலிடத்துத் தேதி. இன்ஜினியர் மனதில் ஐப்பசி மழை. இரண்டையும் ஒரே காலண்டரில் குறித்து, இருவரும் பார்க்கிற சுவரில் மாட்டுங்கள்.

மண்டபத்திலிருந்து: மறுத்துப் பேசினால் ஒழுங்கீனம் என்கிறார் அதிகாரி. என்ன செய்வது?

எங்களுக்கும் நடந்தது. மறுநாள் கான்கிரீட் தளம் போட வேண்டும், தண்ணீர் டேங்கர் லாரி வரவில்லை. கிழக்குக் கிணற்றுத் தண்ணீரில் கலக்கச் சொன்னார் அதிகாரி. மேஸ்திரி ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துத் துப்பினார். "உப்பு சார், கம்பியைத் தின்னுடும்." அதிகாரி முகம் சிவந்துவிட்டது, அவர் காதில் அது கட்டளை மீறலாக விழுந்தது. நான் இடையில் புகுந்து, "சோதித்துவிட்டு உத்தரவு போடுங்கள் சார், அப்புறம் ஒரு வார்த்தை பேச மாட்டோம்" என்றேன். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு (உப்பில் இருப்பது) கூடாது என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. சோதனையில் அதைத் தாண்டியிருந்தது. தாளைப் பார்த்ததும் அவரே டேங்கருக்குப் போன் போட்டார். மேஸ்திரியின் நாக்கை அவர் நம்பவில்லை, தாளை நம்பினார். அதில் தப்பில்லை, அவர் பழகிய முறை அது. உத்தரவுக்கு முன்னால் பேசிவிடுங்கள், கையில் தாளோடு பேசுங்கள்.

தொண்டியிலிருந்து: நம் பக்கம் தவறே இல்லையா?

நிறைய உண்டு தங்கச்சி. "ஆகட்டும் சார்" என்று தலையாட்டிவிட்டு டீக்கடையில் குறை சொல்வது பெரிய தவறு. சீருடைக்காரருக்கு "ஆகட்டும்" என்றால் வேலை முடிந்த மாதிரி.

கீழக்கரையிலிருந்து: இரண்டு மூன்று வருடத்தில் அதிகாரி மாற்றலாகிப் போகிறார். புதியவர் பழைய சண்டையை முதலிலிருந்து தொடங்குகிறார்.

தளப் பதிவேட்டில் முடிவை மட்டும் எழுதினால் போதாது, காரணத்தையும் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். புதியவர் வந்த அன்றே அந்தப் பக்கங்களைப் புரட்டிக் காட்டுங்கள். கிழக்குக் கிணறு வேண்டாம் என்ற எங்கள் பதிவு மூன்று அதிகாரிகளைத் தாண்டியும் நின்றது.