கொக்கி ஊசிக் கேள்விகள்: போர்வை முதல் புடவைக் குச்சு வரை

கார்த்திகை பிறந்தாலே உல்லன் நூல் பற்றிய கேள்விகள் கூடிவிடும். இந்த முறை வந்தவை எல்லாம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்தவை. ஆரணியிலிருந்தும் ஒன்று உண்டு. பழைய வட ஆற்காடு கணக்கில் அதுவும் நம் வட்டாரம்தான். செயின் (சங்கிலிக் கண்ணி), சிங்கிள் (குட்டைக் கண்ணி), டபுள் (உயரக் கண்ணி) என்று கீழே வருவதெல்லாம் குரோஷே என்னும் கொக்கி ஊசிப் பின்னலின் அமெரிக்க முறைப் பெயர்கள். அது ஏன் என்பதற்கும் ஒரு கேள்வி வந்திருக்கிறது.

100 டபுளில் போர்வை தொடங்கினேன். 40 வரிசை போனதும் மேல் பக்கம் குறுகி, முறம் மாதிரி ஆகிவிட்டது. கை இறுகிவிட்டதா?
– வாசகி, சத்துவாச்சாரி

கை இறுகினால் இத்தனை குறுகாது. வரிசைக்கு ஒரு கண்ணி தொலைகிறது. எண்ணிப் பாருங்கள், 60-க்குப் பக்கத்தில் இருக்கும்.

டபுள் வரிசையில் திரும்பும்போது போடும் 3 செயினே அந்த வரிசையின் முதல் டபுள். அதனால் அதன் அடியிலுள்ள கண்ணியை விட்டுவிட்டு அடுத்ததில் ஊசியை விடுகிறோம். இதுவரை எல்லோரும் சரியாகத்தான் செய்கிறார்கள். கோட்டை விடுவது வரிசையின் முடிவில். கடைசி டபுளை, முந்தைய வரிசையில் திரும்பியபோது போட்ட அந்த 3 செயினின் உச்சியில் போட வேண்டும். பார்க்க அது கண்ணி மாதிரியே இருக்காது, ஓரத்தில் தொங்கும் நூல் போலத் தெரியும். அதனால் அதைத் தாண்டித் திரும்பிவிடுகிறோம். 3 செயின் போட்டதுமே அதன் மூன்றாவது செயினில் ஒரு ஊக்கைக் கோத்து வையுங்கள். திரும்பி வரும்போது ஊக்கு இருக்கும் இடத்தில் கடைசி டபுள்.

அடிக் கண்ணியை விடாமல் அதிலும் ஒரு டபுள் போட்டால் வரிசைக்கு ஒன்று கூடி, போர்வை விசிறி போல விரியும். சிலர் தொடக்கத்தில் ஒன்றைக் கூட்டி முடிவில் ஒன்றைத் தொலைப்பார்கள். எண்ணிக்கை 100 சரியாகவே வரும், ஓரம் மட்டும் ரம்பப் பல்லாக இருக்கும். எண்ணிக்கை சரி, ஓரம் கோணல் என்றால் இதுதான் காரணம்.

தொடக்கக் கணக்கையும் ஒரு தடவை சரிபாருங்கள். 100 டபுளுக்கு 102 செயின். முதல் டபுள் ஊசியிலிருந்து நான்காவது செயினில். அடி வரிசை மட்டும் சுருங்கியிருந்தால் அது தனிக் கோளாறு, செயின் இறுகியிருக்கிறது. செயினை மட்டும் அரை மில்லிமீட்டர் பெரிய ஊசியில் போட்டுவிட்டு வழக்கமான ஊசிக்கு மாறுங்கள்.

40 வரிசையையும் பிரிக்கத்தான் வேண்டும், வேறு வழி இல்லை. பிரித்த நூல் சுருட்டை முடி போல இருக்கும். நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, நனைத்துக் காயவைத்தால் நேராகும். அப்படியே பின்னினால் கண்ணிகள் மேடுபள்ளமாக வரும்.

நாங்கள் 12 பேர். ஜவ்வாது மலையில் உள்ள ஒரு மாணவர் விடுதிக்குச் சதுரம் சதுரமாகப் பின்னி இணைத்துப் போர்வை கொடுக்க நினைக்கிறோம். எல்லோரும் ஒரே நூல், ஒரே ஊசி. ஆனாலும் ஒருவர் சதுரம் 13 செ.மீ., இன்னொருவருடையது 16.
– மகளிர் குழு, குடியாத்தம்

ஊசி ஒன்றானாலும் கை ஒன்றல்ல. 12 பேருக்கும் பொதுவாக இருக்க வேண்டியது ஊசி எண் அல்ல, அளவு. சின்னதாக வருகிறவர் 5.5 மி.மீ. ஊசிக்கும், பெரிதாக வருகிறவர் 4.5 மி.மீ. ஊசிக்கும் மாறட்டும். 15 செ.மீ. வரும்வரை ஆளுக்கு ஒரு மாதிரி பின்னிப் பார்த்து, அவரவர் ஊசியைக் குறித்து வையுங்கள்.

எந்தச் சதுரம் என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று மூன்று டபுளாக இடைவெளி விட்டுப் போடும் பழைய சதுரம் அழகுதான். ஆனால் மலைக்குளிருக்கு அந்த ஓட்டைகள் ஆகாது. ஓட்டையில்லாத சதுரம் போடுங்கள். தொடக்க நூல் வளையத்தில் பக்கத்துக்கு 3 டபுளாக 12, மூலைக்கு 2 செயின். அடுத்த சுற்றிலிருந்து ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு டபுள், ஒவ்வொரு மூலை இடைவெளியிலும் 2 டபுள், 2 செயின், 2 டபுள். பக்கத்துக் கண்ணிகள் 3, 7, 11, 15, 19, 23 என்று ஏறும். ஆறாவது சுற்றில் 23. நடுத்தரத் தடிமன் நூலில் இது 15 செ.மீ. சுமாராக வரும்.

23-க்குப் பதில் 22 வருகிறது என்று குழுவில் ஒருவராவது சொல்வார். மூலையில் போட்ட டபுள்கள் பக்கத்துக் கண்ணியின் தலைமேல் சாய்ந்து அதை மறைத்துவிடும். மூலையை ஒட்டிய முதல் கண்ணியை விரலால் விலக்கித் தேட வேண்டும். சதுரம் முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்தால், ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போனதுதான் காரணம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் திருப்பிப் பின்னுங்கள்.

120-க்கு 180 செ.மீ. போர்வைக்கு 8-க்கு 12 என்று 96 சதுரம், ஆளுக்கு 8. சதுரம் 15 கிராம் என்றால் 1,440 கிராம். இணைப்புக்கும் ஓரத்துக்கும் சேர்த்து 1.7 கிலோ வாங்குங்கள். இணைக்கும் நூலை ஒரே லாட் எண்ணில் (ஒரே தடவை சாயம் போட்டதில்) மொத்தமாக எடுத்துவிடுங்கள். பிறகு அதே நிறம் கேட்டுப் போனால் கடைக்காரர் அதே நிறம்தான் என்பார், வெயிலில் விரித்தால் கோடு தெரியும்.

உல்லன் என்று கடையில் விற்கும் அக்ரிலிக் (செயற்கை இழை) நூலே போதும். பருத்தியில் இந்த அளவு போர்வை பாறாங்கல்லாகக் கனக்கும், ஈரம் காய நாளாகும். ஒரு எச்சரிக்கை மட்டும்: அக்ரிலிக் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். விறகடுப்பு, குளிர்காயும் நெருப்பு பக்கம் கொண்டு போகக் கூடாது என்று விடுதியில் சொல்லியே கொடுங்கள்.

இணைக்கும் முன் தெர்மோகோல் அட்டையில் 15 செ.மீ. கட்டம் வரைந்து, சதுரத்தைக் குண்டூசியால் இழுத்துக் குத்தி, தண்ணீர் தெளித்து, காயும்வரை விடுங்கள். அரை செ.மீ. வித்தியாசம் இதிலேயே சரியாகும். 2 செ.மீ. வித்தியாசம் ஆகாது, அதைப் பிரிப்பதுதான் நல்லது. அவசரப்பட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள். அக்ரிலிக் சூட்டில் தளர்ந்து துவண்டுவிடும், பழைய நிலைக்குத் திரும்பவே திரும்பாது.

குறுக்கே உள்ள கோடுகளை எல்லாம் முதலில் நீளமாக இணைத்து முடித்துவிட்டுப் பிறகு நெடுக்கே வாருங்கள். இரண்டிரண்டாக இணைத்தால் நூற்றுக்கணக்கான நுனிகளைச் செருக வேண்டியிருக்கும்.

பிரிட்டிஷ் புத்தகத்தைப் பார்த்துப் பின்னிய சால்வை பாதி உயரத்தில் தடித்த பாய் மாதிரி வந்தது. ஏன்?
– வாசகி, வாலாஜாபேட்டை

நீங்கள் படித்தது பிரிட்டிஷ் பெயர், போட்டது அமெரிக்கக் கண்ணி என்றால் சால்வை உயரம் கூடியிருக்கும். குறைந்திருப்பதால், புத்தகம் உண்மையில் அமெரிக்க முறையில் இருந்து, நீங்கள் அதைப் பிரிட்டிஷ் கணக்கில் போட்டிருக்கிறீர்கள். பிரிட்டிஷ் டபுள் என்பது அமெரிக்க சிங்கிள், குட்டைக் கண்ணி. அமெரிக்க டபுளுக்குப் பிரிட்டிஷ் பெயர் ட்ரெபிள். ‘சிங்கிள் குரோஷே’ என்ற சொல் ஓரிடத்தில் வந்தாலும் அது அமெரிக்கப் புத்தகம். இக்காலப் பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயர் கிடையாது. அட்டையில் எந்த ஊர் போட்டிருக்கிறது என்பதை நம்ப வேண்டாம்.

புற்றுநோய் சிகிச்சையில் முடி உதிர்ந்தவர்களுக்குத் தொப்பி பின்னிக் கொடுக்கலாமா? உல்லன் நூல் நிறைய மிச்சம் இருக்கிறது.
– வாசகி, காட்பாடி

கொடுக்கலாம். ஆனால் மிச்ச நூலில் வேண்டாம். சிகிச்சையில் இருப்பவரின் மண்டைத் தோலுக்குச் சாதாரணக் கரகரப்பே முள்ளாகக் குத்தும். ஆட்டு ரோமம், சரிகை, மினுமினுப்பு நூல் மூன்றையும் ஒதுக்குங்கள். மென்மையான பருத்தி நூல் நல்லது. வேலூர் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது அக்ரிலிக் தொப்பியை யார் போடுவார்கள்? நூல் சரியா என்று பார்க்க ஒரு துண்டு பின்னி, கழுத்துப் பட்டைக்குள் அரை மணி நேரம் வைத்திருங்கள். உறுத்தினால் அந்த நூல் ஆகாது.

பெரியவர் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 54 முதல் 57 செ.மீ. தொப்பி நெகிழும் என்பதால் 51 செ.மீ. போதும். அதை 3.14-ஆல் வகுத்தால் உச்சி வட்டத்தின் விட்டம், ஏறக்குறைய 16 செ.மீ. வளையத்தில் 12 டபுள், பிறகு சுற்றுக்கு 12 கூட்டி, 7-ஆவது சுற்றில் 84. அங்கே விட்டத்தை அளந்து, 16 வந்திருந்தால் கூட்டுவதை நிறுத்தி நேராக இறக்குங்கள். வட்டம் கிண்ணமாகக் குவிந்தால் கண்ணி போதவில்லை, அப்பளம் போல நெளிந்தால் அதிகம். உச்சியிலிருந்து ஓரம்வரை 20 செ.மீ. உயரம் வேண்டும். முடி இல்லாத தலையில் தொப்பி மேலே ஏறும். காதும் பிடரியும் மூடியிருக்க வேண்டும். நூல் 80 முதல் 100 கிராம்.

உள்பக்கம் முடிச்சே கூடாது. 15 செ.மீ. நுனி விட்டு, தையல் ஊசியால் ஒரு பக்கம் செருகி, திரும்பி, மறுபடி திரும்பிச் செருகுங்கள். பூ, பொத்தான் வைப்பதாக இருந்தால், படுக்கும்போது அழுத்தாத இடமாகப் பாருங்கள். வைக்காவிட்டால் இன்னும் நல்லது.

பின்னி முடித்துத் துவைத்து, வாசனைத் திரவியம் எதுவும் போடாமல் உறையில் இடுங்கள். நூல் என்ன, எப்படித் துவைப்பது என்று ஒரு சீட்டு உள்ளே இருக்கட்டும். வேலூருக்குச் சிகிச்சைக்கு வருகிறவர்களில் வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலக்காரர்கள் ஏராளம். சீட்டில் வங்காளி, இந்தி வரிகளும் சேர்த்தால் பயன்படும். முக்கியமாக, 20 தொப்பியைப் பின்னிவிட்டு மூட்டையோடு போய் நிற்காதீர்கள். முதலில் ஒன்றைப் பின்னி எடுத்துப் போய், பொறுப்பு செவிலியரிடம் காட்டி, வாங்குவார்களா, என்ன அளவு வேண்டும் என்று கேட்டுவிட்டு மீதியைத் தொடங்குங்கள்.

பச்சிளங்குழந்தைகளுக்குத் தொப்பி, கையுறை, போர்வை என்று செட்டாகத் தரலாமா? பின்னியதை அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறேன்.
– வாசகி, ஆம்பூர்

அந்துருண்டையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு, அந்துருண்டையிலுள்ள நாப்தலின் துணி வழியாகப் பட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை வரலாம். அக்ரிலிக்கையும் பருத்தியையும் ரோமப் பூச்சி அரிக்காது, அதனால் அது தேவையும் இல்லை. வாடை பட்டதைத் தானம் கொடுக்க வேண்டாம்.

கையுறையை விட்டுவிடுங்கள். உள்ளே ஒரு இழை தளர்ந்து விரலைச் சுற்றினால், குழந்தை அழுமே தவிர யாருக்கும் காரணம் தெரியாது. காலுறை போட்டால் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து இழைகளை வெட்டிச் செருகுங்கள்.

தொப்பி உண்மையிலேயே பயன்படும். எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோலில் தோல் பட வைத்திருக்கும் கங்காரு முறையில், குழந்தைக்குத் தொப்பி, காலுறை, அணையாடை மட்டும்தான். நிறைமாதக் குழந்தையின் தலை 33 முதல் 35 செ.மீ.; தொப்பி 31 செ.மீ., உச்சி விட்டம் 10 செ.மீ. குறைமாதத்துக்கு 25 முதல் 28. குஞ்சம், கயிறு, ரிப்பன் வேண்டாம்.

போர்வை 75-க்கு 90 செ.மீ., 350 கிராம் நூல் பிடிக்கும். விரல் மாட்டாத சிங்கிளில் போடுங்கள். அது தூக்கிச் செல்லவும் மடியில் விரிக்கவும்தான். ஒரு வயதுக்குள் தூங்கும் குழந்தையின் அருகில் தளர்ந்த போர்வை இருக்கக் கூடாது.

துவைத்ததும் உல்லன் விறைத்துப் போகிறது.
– வாசகி, வாணியம்பாடி

போர் தண்ணீரும் சோப்புக் கட்டியும் சேர்ந்த வேலை. கடினநீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து இழைகளில் படியும். திரவ டிடர்ஜென்டுக்கு மாறுங்கள், கடைசி அலசலாவது மென்மையான நீரில் இருக்கட்டும். பிழிய வேண்டாம், துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் தட்டையாக விரியுங்கள். கொடியில் ஈரத்தோடு போட்டால் ஒரு சாண் நீண்டுவிடும்.

இடது கைக்காரருக்குத் தனி ஊசி உண்டா?
– வாசகர், அணைக்கட்டு

இல்லை. படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், அதுவே உங்கள் முறை.

அடுப்பிலிருந்து சட்டி இறக்க உல்லனில் பிடிதுணி பின்னலாமா?
– வாசகி, ராணிப்பேட்டை

கூடாது. உல்லன் என்று விற்கும் அக்ரிலிக் உருகும். பருத்தியில், இரண்டு அடுக்காக.

பட்டுப் புடவை முந்தானைக்குக் குரோஷா குச்சு போடுகிறேன். சில புடவைகளில் ஓரம் கிழிகிறது.
– வாசகி, ஆரணி

முந்தானை நுனியை மடித்துத் தைக்காமல் நேரே ஊசியைக் குத்தினால் ஊடை நூல்கள் (குறுக்கு நூல்கள்) வழுக்கி வெளியே வரும், இழுக்க இழுக்கக் கிழியும். முதலில் நுனியை அரை செ.மீ. இருமுறை மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். ஊசியை மடிப்புக்கு மேலே, தையலையும் சேர்த்துப் பிடிக்கும்படி விட வேண்டும். கூர்மழுங்கிய ஊசி நூலை அறுக்கும். துளையை முதலில் மெல்லிய தையல் ஊசியால் விலக்கிக்கொள்ளலாம்.

புடவை அகலம் ஏறக்குறைய 120 செ.மீ. 2.5 செ.மீ.-க்கு ஒரு குச்சு என்றால் 48. முதலிலேயே சாக்குக்கட்டியால் புள்ளி வைத்துவிடுங்கள். கண்ணளவில் போனால் கடைசியில் ஒன்றரைக் குச்சுக்கு இடம் மிஞ்சும், அதை மறைக்க வழியில்லை. இடையிடையே போடும் சங்கிலி இறுகினால் முந்தானை சுருங்கி அலையடிக்கும். 10 குச்சுக்கு ஒரு முறை தரையில் விரித்துப் பாருங்கள்.

அரக்கு, மெரூன் நூல்களை வாங்கிய உடனே ஒரு விரற்கடை வெட்டி, நனைத்த வெள்ளைத் துணியில் அழுத்துங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூலை வெளிர்நிறப் புடவைக்குப் போடாதீர்கள். முதல் மழைத்தூறலில் குச்சின் நிறம் முந்தானையில் இறங்கிவிடும், சண்டை உங்கள் வாசலுக்கு வரும்.