கல்லூரி நூலகத்தின் பழைய தமிழ்ப் புத்தகங்களுக்கு ஓ.சி.ஆர். செய்வதை எம்.இ. ப்ராஜெக்டாக எடுக்கலாமா?

கேள்வி: "எம்.இ. கணினி அறிவியல் படிக்கிறேன். எங்கள் நூலகத்தில் 1950-க்கு முன் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் சில நூறு இருக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்து, தேடக்கூடிய வடிவில் தர நினைக்கிறேன். நூலகர் உதவத் தயார். எந்த மாடல் எடுத்தால் நல்ல அக்யூரசி வரும்?"

ஓ.சி.ஆர்., அதாவது பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைக் கணினியே படித்து உரையாக்குவது. தாராளமாக எடுக்கலாம். கடைசி வரிதான் இடிக்கிறது. எந்த மாடல் (எழுத்தை அடையாளம் காணப் பயிற்றுவித்த நிரல்) என்பது இந்த வேலையில் ஐந்தாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. கையில் இரண்டு செமஸ்டர், ஒரு லேப்டாப், "டீப் லேர்னிங் இல்லாவிட்டால் ரிவ்யூவில் நிற்காது" என்று சொல்லும் ஒரு கைடு, இதுதான் உங்கள் நிலைமை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் அக்யூரசி. "98 சதவீதம் வந்தது" என்று எழுதும் பேப்பர்களில் எதை எண்ணினார்கள் என்று தேடிப் பாருங்கள்; பலவற்றில் இருக்காது. 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நாம் மூன்று எழுத்து என்போம். யூனிகோடில் அது ஐந்து குறியீடு: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பைத்தானில் நீளம் கேட்டால் 5 என்றுதான் வரும். ஓ.சி.ஆர். புள்ளியைத் தவறவிட்டு 'தமிழ' என்று கொடுத்தால், குறியீட்டுக் கணக்கில் பிழை 20 சதவீதம், எழுத்துக் கணக்கில் 33 சதவீதம், சொல் கணக்கில் 100 சதவீதம். ஒரே தவறுக்கு மூன்று எண். மூன்றையும் தனித்தனியாகப் போடுங்கள். எழுத்து எழுத்தாகப் பிரிக்க ஓபன்-தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பு இருக்கிறது, போதும். சொல் கணக்கு தமிழில் எப்போதும் மோசமாகத்தான் தெரியும்; 'போய்விட்டிருந்தவர்களையும்' மாதிரி நீளச் சொல்லில் ஒரு புள்ளி போனாலும் முழுச் சொல்லும் தவறு. அதைப் பார்த்துப் பயந்து மறைக்க வேண்டாம். தேடல் சொல்லை வைத்துத்தான் நடக்கிறது என்பதால் வாசகனுக்கு உறைக்கும் எண் அதுதான்.

எண்ணுவதற்கு முன் ஓ.சி.ஆர். தந்த உரையையும் ஒப்பிடும் சரியான உரையையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். 'கொ'வை ஒற்றை ஒகரக் குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். யூனிகோட் இயல்பாக்கம் செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் எல்லாம் அப்படி ஆகாது. 'கௌ' என்பதைக் கொம்பும் பின்னால் ளகரமுமாகத் தட்டச்சு செய்திருந்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, இயல்பாக்கமும் அதைத் தொடாது. 'ஸ்ரீ'க்கும் இரண்டு குறியீட்டு வரிசை புழக்கத்தில் இருக்கிறது. அவையும் தாமாக ஒன்றாகா. காலுக்குப் பதில் ரகரம் இன்னொரு வகை. போதாக்குறைக்குத் தமிழ் எண்கள்: ௧, ௨, ௭, ௮ நான்கும் க, உ, எ, அ போலவே இருக்கும். பழைய புத்தகத்தில் பக்க எண் தமிழ் எண்ணில்தான் என்றால், அதை எப்படித் தட்டச்சு செய்வது என்று முதல் நாளே விதி எழுதுங்கள். இந்த மாற்றங்களுக்கு நீங்களே இருபது வரியில் ஒரு நிரல் எழுதி, ஆய்வேட்டின் பின்னிணைப்பில் கொடுங்கள். அது இல்லாமல் வேறொருவர் உங்கள் எண்ணைத் திரும்பப் பெற முடியாது.

அடுத்தது கிரவுண்ட் ட்ரூத், அதாவது கையால் அடித்துச் சரிபார்த்த மூல உரை. ஆய்வின் உயிர் இங்கேதான். 20 புத்தகம், ஒவ்வொன்றிலும் சிதறலாக 5 பக்கம், மொத்தம் 100 பக்கம். பக்கத்துக்கு 28 வரி என்றால் 2,800 வரி. தொடர்ச்சியாக நூறு பக்கம் ஒரே புத்தகத்திலிருந்து எடுப்பது வீண். அச்சகம் மாறவேண்டும், பத்தாண்டு மாறவேண்டும், செய்யுளும் உரைநடையும் கலக்கவேண்டும், அடிக்குறிப்பு உள்ள பக்கமும் வரவேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க, வேறுபடும் இடங்களை மூன்றாவது ஆள் படத்தைப் பார்த்து முடிவுசெய்யட்டும். அடிப்பவர்களிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும்: அச்சில் இருப்பதை அடியுங்கள், திருத்தாதீர்கள். சந்தி விட்டுப்போயிருந்தாலும், அச்சுப்பிழையாக இருந்தாலும் அப்படியே. தமிழ் இலக்கியம் படித்த நண்பர்களுக்குக் கை சும்மா இருக்காது.

மதுரைத் திட்டம் 1998-லிருந்து ஏராளமான நூல்களை உரையாகத் தந்திருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். தேடலுக்கும் சொல்வளத்துக்கும் அருமை. கிரவுண்ட் ட்ரூத்துக்கு ஆகாது. அங்கே உள்ளது வேறு பதிப்பாக இருக்கலாம், பாடபேதம் இருக்கும், வரி பிரியும் இடம் ஒத்துப்போகாது. அதோடு ஒப்பிட்டால் பதிப்பு வேறுபாட்டையும் சேர்த்து ஓ.சி.ஆர். பிழையாக எண்ணிவிடுவீர்கள்.

பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும்போது வரிவாரியாகப் பிரிக்காதீர்கள். பக்கவாரியாகவும் வேண்டாம். புத்தகவாரியாகப் பிரியுங்கள்: 12 பயிற்சிக்கு, 3 இடைச் சரிபார்ப்புக்கு, 5 சோதனைக்கு. ஒரே புத்தகத்தின் வரிகள் இரண்டு பக்கமும் போனால், மாடல் அந்த அச்சகத்தின் எழுத்துருவை முன்பே பார்த்துவிட்டது. நல்ல எண் வரும், புதுப் புத்தகத்தைக் கொடுத்தால் கவிழும். நூலகத்துக்குத் தேவை புதுப் புத்தகம்தான். "இப்படிச் செய்தால் அக்யூரசி குறைகிறதே" என்று ரிவ்யூவில் கேட்பார்கள். குறையட்டும்.

இனி ஸ்கேன். வளைந்த முதுகுள்ள பழைய பைண்டிங்கைத் தட்டை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் புத்தகம் போய்விடும். மரக்கூழ்க் காகிதம் அமிலத்தால் பழுப்பேறி நொறுங்கும் நிலையில் இருக்கும். 90 முதல் 100 பாகை வரை மட்டும் விரிகிற 'வி' வடிவத் தாங்கி, மேலிருந்து கேமரா, இரண்டு பக்கமும் சூடு தராத எல்.இ.டி. விளக்கு, இதைத் தச்சரிடம் சொல்லியே செய்துவிடலாம், மெக்கானிக்கல் துறை நண்பர் இருந்தால் இன்னும் நல்லது. 400 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 400 புள்ளி), 8 பிட் சாம்பல் நிறம், இழப்பில்லாத டிஃப் கோப்பு. ஏன் 400? 2 மி.மீ. உயர எழுத்து 400-இல் சுமார் 31 பிக்சல், 300-இல் 24 தான். டெசராக்ட் என்ற திறமூல ஓ.சி.ஆர். மென்பொருளுக்கு 30 அளவில் இருந்தால் சௌகரியம். 5.5க்கு 8.5 அங்குலப் பக்கம் ஒன்று ஏறக்குறைய 7.5 எம்.பி. ஆகும்; 200 பக்கப் புத்தகம் 1.5 ஜி.பி. இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஜேபெக்கில் எடுத்தால் எழுத்தோரங்களில் அழுக்குப் படியும், அது புள்ளியோடு குழம்பும். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து தெரிந்தால் தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வையுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். கோப்புப் பெயரில் தமிழ் வேண்டாம். நூலகம் புத்தகத்துக்குத் தந்திருக்கும் பரிக்கிரகண எண்ணும் பக்க எண்ணும் போதும். கோப்பு பின்னால் கெட்டதா என்று பார்க்க, எடுத்த அன்றே ஒவ்வொன்றுக்கும் எஸ்.எச்.ஏ.-256 சரிபார்ப்பு எண் எடுத்து வையுங்கள்.

படத்தைச் சுத்தம் செய்யும் கட்டத்தில்தான் தமிழுக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. ஸ்கேன்டெய்லர் போன்ற கருவிகளில் தூசி நீக்கும் வசதி இருக்கும். ஆங்கிலப் பக்கத்துக்கு அது நல்லது. தமிழ்ப் பக்கத்தில் அது மெய்யெழுத்தின் புள்ளியையும் தூசி என்று நினைத்துத் துடைக்கும். 'கல்' 'கல' ஆகும். பிறகு மாடலைத் திட்டிப் பயனில்லை, படத்திலேயே புள்ளி இல்லை. அந்த வசதியை அணைத்துவிடுங்கள், அல்லது குறைந்த அளவில் வைத்துப் பத்துப் பக்கத்தில் புள்ளிகளைக் கண்ணால் எண்ணிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையாக்குவதிலும் இதே கவனம் வேண்டும். பக்கம் முழுவதற்கும் ஒரே வரம்பு வைக்கும் ஓட்சு முறை பழுப்புப் படிந்த பக்கத்தில் ஒரு மூலையைக் கறுப்பாக்கிவிடும். சவ்வோலா முறை இடத்துக்கு இடம் வரம்பை மாற்றும்; அதன் 'கே' மதிப்பை 0.2-இலிருந்து 0.5 வரை மாற்றிப் பார்த்து முடிவுசெய்யுங்கள். டெசராக்ட் 5-லேயே இது உண்டு, தனியாக நிரல் தேவையில்லை.

மாடலுக்கு வந்துவிட்டோம். டெசராக்டின் 'பெஸ்ட்' வகைத் தமிழ்க் கோப்பை எடுங்கள். 'ஃபாஸ்ட்' வகையை மேலும் பயிற்றுவிக்க முடியாது. ஒற்றைப் பத்திப் பக்கத்துக்குப் பக்கப்பிரிப்பு முறை 4 அல்லது 6. முதலில் எதையும் பயிற்றுவிக்காமல் ஓட்டி அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் அடிக்கோடு. கூகுளின் ஓ.சி.ஆர். சேவையிலும் அதே பக்கங்களை ஓட்டுங்கள். தமிழுக்கு அது நன்றாகவே செய்கிறது. ஓட்டிய தேதியை மட்டும் எழுதிவையுங்கள், அந்தப் பக்கம் மாடலைச் சொல்லாமல் மாற்றுவார்கள். அதன்பின் உங்கள் வரிகளால் டெசராக்டைப் பயிற்றுவித்து, இடைச் சரிபார்ப்புப் புத்தகங்களில் பிழை ஏறத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

தவறுகள் எங்கே குவியும் என்பதை ஊகிக்கலாம். ணா, றா, னா; ணை, லை, ளை, னை; ணொ, றொ, னொ; ணோ, றோ, னோ: இந்தப் பதின்மூன்றும் 1978 அரசாணைக்கு முன் வேறு வடிவில் அச்சாயின. டெசராக்டின் தமிழ்ப் பயிற்சி பெரும்பாலும் கணினி எழுத்துருக்களில் நடந்தது. ஆகவே இந்தப் பதின்மூன்றுக்கு மட்டும் தனிப் பிழைக்கணக்குப் போடுங்கள். பயிற்சிக்கு முன், பின் என்று அந்த ஒரு அட்டவணையே ஒரு பேப்பருக்குச் சரக்கு. புத்தகத்தின் ஆண்டை மட்டும் பார்த்து எழுத்து வடிவத்தை முடிவுசெய்யாதீர்கள். குடியரசு இதழ் 1935-லேயே சீர்திருத்த எழுத்துக்கு மாறியது. கிரவுண்ட் ட்ரூத்தில் பழைய வடிவத்துக்குத் தனிக் குறியீடு தேட வேண்டாம். குறியீடு ஒன்றுதான், வடிவம் எழுத்துருவின் விவகாரம்.

"இதில் புதுமை என்ன, ட்ரான்ஸ்ஃபார்மர் எங்கே" என்று பின்னூட்டத்தில் கேட்கப் போகிறவர்களுக்கு: அந்த வகை டீப் லேர்னிங் மாடலையும் போடலாம், யாரும் தடுக்கவில்லை. 2,800 வரியை வைத்துக்கொண்டு அடியிலிருந்து பயிற்றுவித்தால் என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நூலகர் உதவத் தயார் என்கிறீர்களே, அவரை ஸ்கேன் பெட்டி தூக்க வைக்காதீர்கள். மீதரவு, அதாவது ஆண்டு, ஆசிரியர் போன்ற புத்தக விவரம், அவர் வேலை; அதில் கணினிக்காரர்கள் சொதப்புவது வழக்கம். பழைய தலைப்புப் பக்கத்தில் 'பிரபவ வருடம்' என்று மட்டும் இருக்கும். அறுபதாண்டுச் சுழற்சி என்பதால் அது 1867, 1927, 1987 எதுவாகவும் இருக்கலாம். சித்திரையில் தொடங்குவதால் 1927 பிரபவத்தின் தை மாதம் 1928-இல் விழும். விலை அணாவிலா, அச்சகம் எது, முன்னுரையில் யார் பெயர் என்று பார்த்து முடிவுசெய்பவர் நூலகர்தான். ஆசிரியர் பெயரும் அப்படியே: சாமிநாதையர், ஸ்வாமிநாதையர், உ.வே.சா. என்று வரும் எல்லா வடிவத்தையும் ஒரே அதிகாரப் பதிவின்கீழ் (ஒருவருக்கு ஒரே நிலையான பெயர்ப் பதிவு) கொண்டுவராவிட்டால் தேடுபவருக்குப் பாதிப் புத்தகம் கிடைக்காது. மின்னூலக மென்பொருளான டீஸ்பேஸில் ஏற்றினால், பி.டி.எஃப்.-இல் படத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் உரையை எடுத்துக் குறியீட்டு அட்டவணைக்கு அனுப்பும் வேலையைத் தனியாக ஓட்டவேண்டும். ஓட்டாமலே "தேடல் வரவில்லை" என்று விட்டுவிடுவோர் உண்டு. பிழையுள்ள உரையில் தேட மூன்றெழுத்துத் துண்டுகளாக அட்டவணையிடுங்கள், ஒரு புள்ளி போனாலும் சொல் அகப்படும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்படி உழைத்தபின் சொந்த ஆய்வேட்டைத் தமிழில் எழுதுவோர் பலர் அதை டி.டி.பி. கடையில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து, பி.டி.எஃப். ஆக்கிப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்கிறார்கள். அதற்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துக் குப்பை. தேடினால் கிடைக்காது. கருத்துத்திருட்டுச் சோதனையில் போட்டால் அது எதனோடும் ஒத்துப்போகாது, எனவே சுத்தமான சான்றிதழ். ஒப்புமை பத்து சதவீதம் வரை இருக்கலாம் என்று யு.ஜி.சி. 2018-இல் விதி போட்டது. அந்தப் பத்தைத் தாண்ட முடியாதபடி எழுத்துருவே காப்பாற்றுகிறது. ஆய்வேட்டை வாங்குகிற இடத்தில் ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதைக்கூட யாரும் செய்வதாகத் தெரியவில்லை.

ஸ்கேன் தொடங்குமுன் இரண்டு காரியம் பாக்கி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலிலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் அதே பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த புத்தகம். மற்றது பதிப்புரிமை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு: 1960-இல் இறந்தவர் நூல் 2021 சனவரி 1 முதல் பொதுவுடைமை. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் தனி. உரையாசிரியர், பதிப்பாசிரியர் எழுதியதற்குத் தனி உரிமை உண்டு. மூலம் சங்க இலக்கியம் என்பதால் முழுப் புத்தகமும் பொது ஆகிவிடாது. உரிமை தீராத நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க 2012 திருத்தம் வழிவிடுகிறது, ஆனால் அது 'வணிக நோக்கற்ற பொது நூலகம்' என்கிறது. கல்லூரி நூலகம் அதில் அடங்குமா என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு கேமராவை எடுங்கள்.