கல் தரை பாலிஷ்: கேட்டதும் சொன்னதும்

அண்ணா, வெள்ளை மார்பிளில் எலுமிச்சை ரசம் சிந்திய இடம் மங்கிவிட்டது. எதைப் போட்டுத் துடைத்தாலும் போகவில்லை.

கறையாக இருந்தால் போயிருக்கும் அக்கா. மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். புளிப்பு பட்டால் அதன் மேல்தோலே கரைந்துவிடும். நகத்தால் வருடிப் பாருங்கள். வழவழப்பு அப்படியே இருந்தால் மார்பிள் பாலிஷிங் பவுடரை ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தாலே போதும். சொரசொரப்பு தட்டினால் 400 நம்பர் வாட்டர் பேப்பரில் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்; நம்பர் ஏற ஏறப் பொடியாகத் தேய்க்கும்) தொடங்கி, 800, 1500 என்று போய், கடைசியில் பவுடர்.

தரைக்குப் பாலிஷ் போட்ட மெஷின்காரர் 60 நம்பர் தேய்ப்புக் கல்லிலிருந்து நேரே 400-க்குப் போய்விட்டார். வேலை முடிந்த அன்று ஜொலித்தது. இப்போது சாயங்கால வெயில் விழும்போது தரை முழுக்கச் சுருள் சுருளாகக் கோடு.

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. கீறலைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக்கிக்கொண்டே போவதுதான் பாலிஷ். 60 போட்ட கீறலை 120 எடுக்கும், 120 போட்டதை 220 எடுக்கும். நடுவில் தாவினால் 400 அந்தப் பழைய பள்ளத்தின் விளிம்பை மழுக்குமே தவிர அடிவரை போகாது. திரும்ப 120-லிருந்துதான் வரவேண்டும், வேறு வழியில்லை. ஒவ்வொரு நம்பருக்கும் நடுவே சேற்றைச் சுத்தமாகக் கழுவச் சொல்லுங்கள். 60-ன் ஒரு துகள் தங்கினாலும் அடுத்த நம்பர் தேய்ப்புக் கல்லுக்கடியில் மாட்டி வட்டக் கோடு போடும். அப்புறம், ஈரத்தில் எந்தத் தரையும் ஜொலிக்கும். காயவிட்டு, செல்போன் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்துப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

கடப்பா கல் வெளுத்துவிட்டது. ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?

வேண்டாம். கடப்பா, கோட்டா இரண்டும் சுண்ணாம்புக்கல் வகைதான். ஆசிட் பட்டால் இன்னும் வெளுக்கும். 220-லிருந்து தேய்த்து ஏற்றுங்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் கறுப்பாகத் தெரியும், உண்மைதான். தூசியும் சேர்ந்து ஒட்டும்.

காரைக்குடிப் பக்கம் ஆயா வீட்டில் ஆத்தங்குடிக் கல். மெஷின் விடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். பெயரில்தான் கல், அது கையால் வார்த்த சிமெண்ட் பதிகல். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணத்தை ஊற்றி வார்ப்பதால்தான் அந்த வழவழப்பு. வண்ணம் மேலே மெல்லிய அடுக்காக மட்டும் இருக்கும், மெஷின் விட்டால் பூவே போய்விடும். தண்ணீரில் துடையுங்கள், ஆள் நடக்க நடக்கத் தானே மெருகேறும்.

பாத்ரூம் சுவரை ஒட்டி உப்புப் பூக்கிறது. தேய்த்தால் நிற்குமா?

நிற்காது. ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று முதலில் பிளம்பரை வைத்துப் பாருங்கள்.

நானும் இந்த வேலைதான் அண்ணா. படிக்கட்டு மூலையில் மட்டும் தண்ணீர் விடாமல் கிரைண்டர் ஓட்டுகிறேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன் தம்பி. கிரானைட்டில் சிலிக்கா இருக்கிறது. அந்தத் தூள் நுரையீரலில் படிந்தால் திரும்ப வராது. துணியை மூக்கில் கட்டினால் நிற்கிற தூளும் இல்லை. தண்ணீர் விட்டே ஓட்டு. சேற்றை வாளியில் அள்ளித் தெளியவிட்டு, அடியில் நிற்பதைச் சாக்கில் கட்டிப் போடு. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுப் பாத்ரூம் குழியில் ஊற்றிவிட்டேன். குழாய்க்குள் இறுகி, தரையை உடைத்துத்தான் எடுத்தோம். அந்த வாரக் கூலி அதற்கே போனது.