படுக்கும் நேரத்தை எழுதாமல் கேள்வி அனுப்பாதீர்கள்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதி தூக்கம் பற்றியும் சோர்வு பற்றியும்தான். எத்தனை மணிக்கு எழுகிறோம் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எத்தனை மணிக்குப் படுக்கிறோம் என்று எழுதியவர்கள் இரண்டே பேர். கேள்வி அனுப்புகிறவர்கள் வயது, படுக்கும் நேரம், எழும் நேரம், ஒரு நாளைக்கு எத்தனை காபி அல்லது டீ, சாப்பிட்டு வரும் மருந்துகள் இவ்வளவையும் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் பொத்தாம் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடியும்.

கே: தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்கிறார்கள். தலைகீழாக நின்றாலும் என்னால் ஏழாயிரத்தைத் தாண்ட முடியவில்லை. நடப்பதெல்லாம் வீணா?

ப: வீண் இல்லை. பத்தாயிரம் என்பது எந்த மருத்துவரும் அளந்து சொன்ன கணக்கு அல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, அடிகளை எண்ணும் கருவிக்கு ‘மான்போ-கெய்’ என்று பெயர் வைத்தார்கள். ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று அர்த்தம். சொல்ல வசதியான எண், ஒட்டிக்கொண்டுவிட்டது. நீங்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டு வேகத்தைப் பாருங்கள். ஏழாயிரத்தில் மூவாயிரம் அடியை அரை மணி நேரத்துக்குள் நடந்தால், அதாவது நிமிடத்துக்குச் சுமார் நூறு அடி, அது மிதமான உடற்பயிற்சியில் சேரும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வாரத்தில் ஐந்து நாள் இப்படி நடந்தால் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் குறைந்தபட்சமாகக் கேட்பது அதைத்தான்.

கே: ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன். இன்னும் சோர்வாகவே இருக்கிறது. நான்கு லிட்டர் ஆக்கலாமா?

ப: வேண்டாம். சோர்வுக்குத் தண்ணீர்தான் மருந்து என்று யார் சொன்னது? சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் வேண்டிய தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. நாள் முழுக்க நிறமே இல்லாமல் போனால் தேவைக்கு மேல் குடிக்கிறீர்கள். (பி வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சோதனை பலிக்காது, எப்படிக் குடித்தாலும் பளிச்சென்ற மஞ்சள்தான்.) ‘எட்டு டம்ளர்’ கணக்குக்கு மூலமாகப் பலரும் காட்டுவது 1945-ல் அமெரிக்க ஊட்டச்சத்துக் குழு ஒன்று சொன்ன இரண்டரை லிட்டரை. இதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே கிடைத்துவிடுகிறது என்றும் அதே இடத்தில் அந்தக் குழு எழுதியிருந்தது. அந்த வரி மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. குறைந்த நேரத்தில் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைவலி, வாந்தி, முற்றினால் வலிப்பு வரை போகும். சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டவே கூடாது. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் ஒரு முறை பரிசோதித்துப் பாருங்கள். தூக்கத்தைப் பற்றி நீங்களும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

கே: அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்தால் வாழ்க்கையே மாறும் என்று படித்து, மூன்று மாதமாக எழுகிறேன். உடற்பயிற்சி, தியானம், வாசிப்பு எல்லாம் முடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். ஆனால் மதியம் மூன்று மணிக்கு மேல் கண் சொருகுகிறது, வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுகிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு கொஞ்ச நேரம் போன் பார்ப்பேன், வேறு கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. உடம்பு பழக இன்னும் எத்தனை நாள் ஆகும்?

ப: பழகாது. இந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தலாம். ஆனால் மாதம் தவறாமல் இதே கேள்வி வருகிறது, ஒரு தடவை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஐந்து மணிக்கு எழுவதில் மகிமையும் இல்லை, கெடுதலும் இல்லை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும், அவ்வளவுதான். ஐந்துக்கு எழுகிறவர் பத்து மணிக்குத் தூங்கியிருக்க வேண்டும். அப்படியானால் ஒன்பதே முக்காலுக்கே விளக்கு அணைந்திருக்க வேண்டும். நீங்கள் படுக்கும் நேரத்தை எழுதவில்லை. ‘கொஞ்ச நேரம் போன்’ என்பதை வைத்துப் பதினொன்றரை என்று எடுத்துக்கொள்கிறேன். ஐந்தரை மணி நேரத் தூக்கம். காலையில் லாபம் போலத் தெரிகிற ஒன்றரை மணி நேரம் ராத்திரியிடம் வாங்கிய கடன். வசூல்தான் மதியம் மூன்று மணிக்கு நடக்கிறது.

இந்தப் ‘பழகிவிடும்’ என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினரை ஆறு மணி நேரமும் இன்னொரு பிரிவினரை நான்கு மணி நேரமும் மட்டும் இரண்டு வாரம் தூங்கவிட்டார்கள். கவனமும் நினைவும் நாளுக்கு நாள் இறங்கி, கடைசியில் ஓரிரு இரவு முழுக்கக் கண் விழித்தவர்களின் நிலைக்கு வந்து நின்றன. ‘தூக்கக் கலக்கமாக இருக்கிறதா’ என்று கேட்டபோதோ, முதல் சில நாளுக்குப் பிறகு அது கூடியதாக அவர்கள் சொல்லவில்லை. பழகியது உடம்பு அல்ல, மதிப்பீடு. தான் எவ்வளவு மந்தமாகிவிட்டோம் என்று தெரியாமல் போவதைத்தான் ‘பழகிப் போச்சு’ என்கிறோம்.

எரிந்து விழுவதற்கும் காரணம் இருக்கிறது. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முன்பாதியில் வரும். கனவுத் தூக்கம் பின்பாதியில், விடியலை ஒட்டித்தான் நீளும். ஐந்து மணி அலாரம் வெட்டுவது இந்தக் கடைசித் துண்டை. மனக் கொதிப்பை ஆற்றுவதில் அதற்குப் பங்கு உண்டு.

சரி, இன்றே ஒன்பதரைக்குப் படுத்துவிடுகிறேன் என்று கிளம்பாதீர்கள். இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்புதான் உடல் கடிகாரம் விழிப்பை உச்சத்தில் வைத்திருக்கிறது. பதினொன்றரைக்குத் தூங்கிப் பழகியவர் ஒன்பதரைக்குப் படுத்தால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார், ‘எனக்குத் தூக்கமே வரவில்லை’ என்று அடுத்த மாதம் எனக்கு எழுதுவார். மாற்றத்தைக் கால் மணி நேரக் கணக்கில் செய்ய வேண்டும். முதல் இரண்டு வாரம் அலாரத்தை ஆறரைக்கு வையுங்கள். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வெளியில் வந்து பத்து இருபது நிமிடம் வெளிச்சத்தில் நில்லுங்கள்; மேகமூட்டமான காலை வெளிச்சம்கூட அறை விளக்கைவிடப் பல மடங்கு, உடல் கடிகாரம் அதைப் பார்த்துத்தான் முள்ளைத் திருப்புகிறது. பிறகு மூன்று நாளுக்கு ஒரு தடவை படுப்பதையும் எழுவதையும் கால் மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள். மூன்று வாரத்தில் ஐந்து மணி வந்துவிடும், வேண்டுமென்றால். அலாரம் ஒன்றுதான் வைப்பேன் என்றால் அதைப் படுப்பதற்கு வையுங்கள். போன் சார்ஜர் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். இருபது நிமிடமாகத் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் கனத்ததும் திரும்பப் படுங்கள். மணியை மட்டும் பார்க்காதீர்கள். விடுமுறை நாளிலும் எழும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளக் கூடாது.

மதியத் தூக்கம் இருபது நிமிடம், மூன்று மணிக்கு முன்பு. முக்கால் மணி நேரம் தூங்கினால் ஆழத்திலிருந்து இழுத்து எழுப்பியது போல அரை மணி நேரம் தலை சுழலும்.

இன்னொன்று. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குத் தடுமாறும். ஐந்துக்கு எழுந்தவருக்கு 17 மணி நேரம் என்பது இரவு பத்து. அந்த நேரத்தில் வண்டியை எடுக்காதீர்கள். குறட்டை நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால், மேலே சொன்ன எதையும் முயலாமல் நேரே மருத்துவரிடம் போங்கள்.

கே: இரவு ஏழு மணிக்குக் காபி குடித்தாலும் படுத்த உடனே தூங்கிவிடுகிறேன். அப்படியானால் எனக்குப் பாதிப்பில்லை என்றுதானே அர்த்தம்?

ப: தூங்குவதும் நன்றாகத் தூங்குவதும் ஒன்றல்ல. காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஏழு மணிக் காபியில் பாதி, நள்ளிரவில் உங்கள் ரத்தத்தில்தான் இருக்கிறது. விழிப்பு வராவிட்டாலும் தூக்கத்தின் ஆழம் குறையும். கடைசிக் காபி படுப்பதற்கு எட்டு மணி நேரம் முன்பு. டீயில் பாதி அளவு காஃபீன் இருக்கும், இல்லாமல் இல்லை. ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், இரண்டு நாள் தலைவலி வாட்டும். வாரத்துக்கு ஒரு கோப்பை குறையுங்கள்.

கே: ஒரு பழக்கம் படிய 21 நாள் போதுமா?

ப: போதாது. 1960-ல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், தன்னிடம் வந்தவர்கள் புது முகத்துக்குப் பழக மூன்று வாரமாவது ஆகிறது என்று எழுதினார். அதுதான் உருமாறி இங்கே வந்து நிற்கிறது. லண்டனில் சுமார் நூறு பேரை வைத்துப் பார்த்த ஆய்வில் நடுவாக 66 நாள் வந்தது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. ஒரு நாள் விட்டுப்போனால் கெட்டுவிடாது. ஒரே சமயத்தில் நான்கைத் தொடங்கினால் நான்கும் போய்விடும். ஒன்று, அது படிந்த பிறகு இன்னொன்று.

கே: வீட்டிலேயே ரத்த அழுத்தம் பார்க்கிறேன். பத்து நிமிடத்தில் 148, 136, 131 என்று காட்டுகிறது. கருவி பழுதா?

ப: கருவி சரி, பார்க்கிற விதம்தான் சரியில்லை. மாடி ஏறி வந்த கையோடு பட்டையைக் கட்டியிருப்பீர்கள். அரை மணி நேரம் முன்பிலிருந்து காபி, டீ, புகை, உடற்பயிற்சி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை மேசை மீது, பட்டை இதய உயரத்தில். சட்டைக் கைக்கு மேல் கட்டாதீர்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் கூடுதலாகக் காட்டும். அளக்கும்போது பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்துச் சராசரியைக் குறியுங்கள்; காலையும் மாலையும், ஏழு நாள். அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒற்றை எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் வேலை அல்ல.

கே: நேற்றுக் காலை 69.9 கிலோ, இன்று காலை 71.2. ஒரே நாளில் இவ்வளவு கொழுப்பா?

ப: தண்ணீர். உப்பு கூடின சாப்பாடும் மலச்சிக்கலும் ஒன்றிரண்டு கிலோவை ஏற்றி இறக்கும். காலையில் கழிப்பறைக்குப் போய் வந்து, எதுவும் சாப்பிடாமல் எடை பாருங்கள். வாரச் சராசரியை மட்டும் முந்தின வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

கே: பாறை உப்பு, கடல் உப்பு, தூள் உப்பு இவற்றில் எது நல்லது?

ப: குறைவாகப் போடுகிற உப்பு. எல்லாமே பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாயும் பாக்கெட் தின்பண்டமும் அந்தக் கணக்கில் சேரும். பொட்டாசியம் கலந்த ‘குறைந்த சோடியம்’ உப்பைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தொடக் கூடாது. மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கே: வயது 52. தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். ஆனாலும் தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை.

ப: வயதை எழுதியதற்கு நன்றி. நடை இதயத்துக்கு நல்லது, தொடைத் தசையை அவ்வளவாகக் கட்டாது. வாரத்தில் இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு, நாற்காலிப் பயிற்சி செய்யுங்கள். சுவரை ஒட்டிப் போட்ட, ஆடாத நாற்காலியில், கைகளை மார்பில் கட்டி, மூன்று எண்ணும் வரை மெதுவாக உட்கார்ந்து எழுங்கள். பத்துத் தடவை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி பத்து. முழங்கால் உள்பக்கம் மடங்கக் கூடாது, குதிகால் தரையை விடக் கூடாது. கடைசியில் தொப்பென்று உட்கார்ந்தால் பயிற்சியில் பாதி வீண். மெதுவாக இறங்குவதும் தசைக்குப் பயிற்சிதான். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள், அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். பன்னிரண்டு தடவை சுலபமாக வந்த பிறகு இரண்டு கிலோப் பையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். முழங்காலில் கூர்மையான வலி வந்தால் நிறுத்திவிடுங்கள். மறுநாள் தசை கடுப்பது வேறு, அது போய்விடும்.

கே: பல் துலக்குவது காலைச் சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

ப: முன்பு. பின்புதான் என்றால், புளிப்பான பழமோ சாறோ சாப்பிட்டிருந்தால் அரை மணி நேரம் பொறுங்கள். அமிலத்தில் இளகின எனாமல் தேய்ந்துபோகும். இரண்டு நிமிடம், நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்து ஃப்ளோரைடைக் கழுவிவிடாதீர்கள். இரவுத் துலக்கலைத்தான் விடவே கூடாது.

கே: கணினி முன்னால் பத்து மணி நேரம். கண் எரிகிறது.

ப: இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, இருபது அடி தள்ளி உள்ள எதையாவது இருபது விநாடி பாருங்கள், இமையை முழுக்க மூடித் திறங்கள். திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைந்துவிடுகிறது, எரிச்சல் அதனால்தான். ஏசிக் காற்று முகத்தில் அடிக்காத இடத்தில் உட்காருங்கள்.

கே: காலையில் நேரமில்லை. இரவில் உடற்பயிற்சி செய்யலாமா?

ப: செய்யலாம். மூச்சு வாங்கும் பயிற்சி, படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று நீங்களும் எழுதவில்லை.